ஆட்டுக்காரன் தலையில் விழுந்த தீ

பெனெடால் என்கிற எங்கள் மலைக் கிராமத்தில் சில்வேரியுவுக்கு எதிரி என்று யாரும் இருந்ததில்லை. ஆடு மேய்க்கிறவருக்கு இது லேசில் வாய்க்காது. ஆடு என்றால் வேலி தாண்டும். தாண்டினால் அடுத்தவர் முட்டைக்கோஸைத் தின்னும். தின்றால் சண்டை வரும். ஆனால் சண்டை தன் வீட்டு வாசலுக்கு வரும்வரை சில்வேரியு காத்திருக்க மாட்டார். அவரே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றுவிடுவார். "என் ஆடுதான். அதைத் திட்டினா அதுக்குப் புரியாது, என்னைத் திட்டுங்க" என்பார். அப்படி நிற்கிற மனுஷனை எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்? மறுநாள் காலை அந்த வீட்டு ஜன்னல் விளிம்பில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பாலாடைக்கட்டி இருக்கும். கணக்கு அதோடு முடிந்துவிடும்.

அவருக்கு உயிர் நண்பர் என்றால் அடெலீனுதான். இளவட்டங்களாக இருந்தபோது, அரசாங்கம் ஆப்பிரிக்காவில் நடத்திய சண்டைக்குப் பட்டாளத்தில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, இரண்டு பேரும் ஒரே பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டு, திருட்டு வழியில் மலை தாண்டிப் பிரான்சுக்கு ஓடினவர்கள். லியோனில் கட்டட வேலை. ஒரே கட்டிலில் ஒருவர் பகலிலும் ஒருவர் இரவிலும் தூங்கினார்கள். ஊர் திரும்பியபோது ஆளுக்கொரு கனவு இருந்தது. அடெலீனு அப்பன் விட்டுப்போன மேட்டுச் சரிவு முழுக்கத் தைலமரம் நட்டார். காகித ஆலைக்காரன் வந்து வெட்டிக்கொண்டு போவான், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, உழ வேண்டியதில்லை. சில்வேரியு ஆடு வாங்கினார்.

"மரம் ஓடிப்போகாதுடா, உன் ஆடு ஓடும்" என்று அடெலீனு கேலி செய்வார்.

"ஓடினா கூப்பிட்டாத் திரும்பி வரும். உன் மரத்தைக் கூப்பிட்டுப் பாரு" என்பார் இவர்.

சில்வேரியுவுக்குப் பெண் பிறந்தபோது ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் அடெலீனு. அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கும்பாதிரி. பெற்றவனும் ஞானத்தகப்பனும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். உடன்பிறப்பை விட ஒரு பிடி மேலான உறவு அது என்பது எங்கள் மலைப் பக்கத்து நினைப்பு. சில்வேரியுவின் மனைவி இறந்து, மகள் இலீதியாவும் லக்சம்பர்க்குக்கு வேலைக்குப் போன பிறகு, ஞாயிறுதோறும் அடெலீனுவின் மனைவி நத்தேர்சியா வீட்டிலிருந்துதான் அவருக்குக் கீரை சூப்பும் ரொட்டியும் வரும். சாயங்காலம் ஸுல்மிராவின் காப்பிக்கடையில் சீட்டு. அதிலும் இவர்கள் இருவரும் ஜோடி. எதிரில் உட்கார்ந்த அடெலீனு புருவத்தைத் தூக்குகிற விதத்திலேயே கையில் என்ன சீட்டு என்று சில்வேரியுவுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் பனிக்காலத்தில் மழை பொய்த்துவிட்டது. வசந்தத்திலேயே சருகு காலடியில் நொறுங்கியது. காவல்படையினர் வண்டியில் வந்து, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் புதர் வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும், தவறினால் நில உரிமையாளருக்குத் தண்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் பாதி நிலத்துக்கு உரியவர்கள் லிஸ்பனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். மீதிப் பாதிக்கு உரியவர்கள் முழங்கால் மடக்க முடியாதவர்கள். யார் வெட்டுவது?

காப்பிக்கடையில் சில்வேரியு சொன்னார்: "உன் மேட்டு நிலத்துல என் ஆட்டை ஒரு மாசம் விடுறேன், கும்பாதிரி. முள்ளு, கொடி ஒண்ணு மிச்சம் இருக்காது. மொட்டை அடிச்ச மாதிரி ஆக்கிடும்."

"ஆக்கும், ஆக்கும். போன தடவை என் ஆரஞ்சுக் கன்னுக்கு மொட்டை போட்டுச்சே, அந்த மாதிரியா?"

கடை முழுக்கச் சிரிப்பு. சில்வேரியுவும் சிரித்தார்.

"எம்பையன் புதர் வெட்டுற மெஷின் வாங்கி அனுப்பியிருக்கான்" என்றார் அடெலீனு. "இரும்புத் தட்டு வெச்ச மெஷின். விர்ர்ருன்னு சுத்தும். ரெண்டே நாள்ல முடிச்சுருவேன். உன் ஆடு என் ஒலிவ மரத்தைப் பார்த்து ஏக்கப் பெருமூச்சு விட்டுட்டு நிக்கட்டும்."

ரெண்டு நாள் வேலையை அடெலீனு இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். நத்தேர்சியாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை நடந்தது; ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். அப்படியே ஆகஸ்டு வந்துவிட்டது. ஆகஸ்டில் கீழ்க்காற்று எழுந்தால் மலையில் எந்த மெஷினையும் ஓட்டக் கூடாது என்பது உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் அது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் மகன் விடுமுறைக்கு வரப்போகிறான். வந்தவன் அந்தப் புதரைப் பார்த்து, "அப்பா, மெஷின் வாங்கித் தந்தும் இப்படியா?" என்று கேட்பானே என்ற கூச்சம் அடெலீனுவுக்கு.

அன்று மதியம் சில்வேரியு ஊருக்குக் கீழே, ஓடைக்கரைப் பட்டியில் ஆடுகளை அடைத்துவிட்டு, கல் மேல் உட்கார்ந்து ரொட்டியும் ஒலிவக் காயும் தின்றுகொண்டிருந்தார். காற்று கிழக்கிலிருந்து சூடாக வீசிக்கொண்டிருந்தது. அப்போது மேட்டிலிருந்து மெஷின் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கினார். இந்தக் காற்றிலா? கல்லில் இரும்பு உரசுகிற கிரீச்சென்ற ஒலி. திரும்பவும் ஒரு கிரீச். பிறகு சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. போகட்டும், புத்தி வந்துவிட்டது என்று நினைத்து அடுத்த வாய் ரொட்டியைப் பிட்டார்.

ரொட்டி வாய்க்குப் போகவில்லை. அடெலீனுவின் நிலத்துக்கு மேலே புகை எழுந்தது. வெள்ளைப் புகை, உடனே பழுப்பு, உடனே கறுப்பு. தைலமரத்தில் தீப் பிடித்தால் பட்டை பட்டையாக உரிந்து, எரிந்தபடியே பறந்துபோய் எங்கேயோ விழும். விழுந்த இடமெல்லாம் புதுத் தீ. அவர் எழுந்து நிற்பதற்குள் சரிவில் மூன்று நான்கு இடங்களில் புகை.

ஆடுகளை ஓடையோடு கீழே இறக்கிப் பெரிய ஆற்றங்கரைக்குக் கொண்டுபோயிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும். முன்னால் அவர் நடந்தால் பின்னால் வருகிற ஆடுகள்தான் அவை. ஆனால் மேலே வீட்டில் நத்தேர்சியா இருக்கிறாள். கைப்பிடிச் சட்டத்தை ஊன்றாமல் ஓர் அடி வைக்க முடியாதவள். சில்வேரியு பட்டிக் கதவைத் திறந்து, "போங்க! கீழ போங்க!" என்று கத்தி, தடியால் நாலு தட்டுத் தட்டிவிட்டு மேலே ஓடினார்.

ஆடுகள் கீழே போகவில்லை. அவர் போகிற பக்கமே பின்னால் வந்தன. கல்லால் அடித்துத் துரத்தினார். அப்படி அவர் செய்து அவை பார்த்ததில்லை. மிரண்டுபோய் நின்று அவரையே பார்த்தன. அதற்கு மேல் திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

வழியில் எர்மீனியு வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தார். காது மந்தமான மனுஷர் அவர். தங்கை ஃபெலிஸ்மினா வைத்தியத்துக்காகக் கீழே டவுனுக்குப் போயிருந்தாள். உள்ளே நாற்காலி நகர்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார் என்று நினைத்துச் சில்வேரியு மேலே ஓடினார்.

நத்தேர்சியா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்தில் கிடந்த தள்ளுவண்டியில் அவளைத் தூக்கி உட்காரவைத்து, கட்டில் போர்வைகளை மேலே போட்டு, கற்பாதையில் கடகடவென்று தள்ளிக்கொண்டு இறங்கினார். அவள் வலியில் அலறினாள். ஊர்ப் பொதுத் தொட்டியில், பெண்கள் துணி துவைக்கிற கல்தொட்டியில், அவளை அப்படியே இறக்கினார். தானும் இறங்கி, நனைந்த போர்வையை இருவர் தலைக்கும் மேலாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அடெலீனு எங்க?" என்று கேட்டார்.

"சாப்பிட்ட கையோட மெஷினைத் தூக்கிட்டு மேல போனாரு. இன்னைக்கு வேண்டாம்னு கெஞ்சினேன். என் பேச்சை எப்பக் கேட்டாரு?" அவள் பல் கிட்டித்தது. "அவரு போயிட்டாரு, கும்பாதிரி. இந்தத் தீயில பொழைக்க மாட்டாரு."

"அவனா? ரெண்டு நாட்டு எல்லையைத் தாண்டி ஓடினவன். இந்தத் தீக்கா சிக்குவான்? கண்ணை மூடிக்கோ."

தீ அவர்கள் தலைக்கு மேலாகப் போனது. ரயில் வண்டி ஒன்று தண்டவாளம் இல்லாமல் ஊருக்குள் வந்ததுபோல இருந்தது அந்தச் சத்தம். மூச்சு விட்டால் தொண்டை வெந்தது. நத்தேர்சியா ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதி மந்திரத்தில் வார்த்தை மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். தீயணைப்பு வண்டி வரவில்லை. பக்கத்து மலையிலும் அன்றைக்கே தீ. வண்டிகள் எல்லாம் அங்கே இருந்தன. விமானம் ஒன்று புகைக்கு மேலே சுற்றிவிட்டுப் போய்விட்டது.

எல்லாம் தணிந்து வெளியே வந்தபோது பெனெடாலில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆடுகள் சிற்றாலயத்துக்கு மேலே உள்ள பாறை உச்சிக்கு ஏறியிருந்தன. பயந்தால் உயரத்துக்கு ஏறுவது ஆட்டின் குணம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாறை இடுக்கில் ஒடுங்கிய கொஞ்சம் மட்டும் உயிரோடு இருந்தன. மடி வெந்து, குட்டியைப் பக்கத்தில் அண்டவிடாமல் உதைத்தன. எர்மீனியு தன் அடுக்களை நாற்காலியிலேயே புகையில் மூச்சடைத்து இறந்திருந்தார்.

அடெலீனு சாயங்காலம் தீயணைப்புக்காரர்களோடு வந்து சேர்ந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் உதவி கூப்பிடப் போனேன், திரும்பி வர வழி அடைத்துவிட்டது என்றார். நத்தேர்சியாவைப் பார்த்ததும் தரையில் மண்டியிட்டுவிட்டார். பிறகு எழுந்துவந்து சில்வேரியுவைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"என் உசுரைக் காப்பாத்திட்டடா. உன் ஆடெல்லாம் போச்சே, என்னால போச்சே."

"என்னால" என்று அவர் சொன்னதைச் சில்வேரியு கேட்டார். முதுகைத் தட்டிக் கொடுத்தார். "விடு. ஆளு இருக்கோம்ல" என்றார். எர்மீனியுவை அடக்கம் செய்த அன்றும் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பெட்டியைத் தூக்கினார்கள். சில்வேரியு மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கைதவறிப் போனது. அடெலீனுவே போய்ச் சொல்லுவான். துக்கம் கொஞ்சம் ஆறட்டும். அவன் வாயால் சொன்னால்தான் அவனுக்கு மரியாதை. இப்படி நினைத்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து சில நாளில் காவல்படை வண்டி வந்தது. வெந்த மடிகளுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தவரை, கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

டவுனில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"நீங்க பனிக்காலத்துல மேய்ச்சலுக்காகப் புதரை எரிக்கிறது உண்டா?"

"பனிக்காலத்துல, மழைக்கு முன்னாடி, எல்லாரும் எரிக்கிறதுதான். கோடையில எவன் எரிப்பான்? என் ஆடே அங்கதானே செத்துச்சு."

"வெச்ச தீ கைமீறிப் போறது உண்டு, சில்வேரியு ஐயா. வேணும்னே செஞ்சீங்கன்னு நான் சொல்லல. அன்னைக்கு மதியம் மேட்டுப் பக்கம் எதுக்குப் போனீங்க?"

"நான் போகல. ஓடைக்கரையில இருந்தேன்."

"ஏதாவது பாத்தீங்களா? சத்தம் கேட்டுச்சா?"

சில்வேரியு காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து ஜாஸ்தியா இருந்துச்சு. ஒண்ணும் கேக்கல" என்றார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "உங்களைப் பாத்ததா ஒருத்தர் சொல்லியிருக்காரு. புகை எழும்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நீங்க மேட்டுலேருந்து அவசர அவசரமா இறங்கி வந்தீங்களாம்."

"யாரு அது?"

"உங்களுக்கு வேண்டாதவங்க யாராவதுன்னு நினைச்சா நானும் நம்பியிருக்க மாட்டேன். உங்க கும்பாதிரிதான். அடெலீனு. சொல்ல மனசே இல்லாம, அழுதுகிட்டேதான் சொன்னாரு."

சில்வேரியு தொப்பியைத் தேடினார். அது மடியிலேயே இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தார். திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவனா அப்படிச் சொன்னான்?"

"அவர்தான்."

இப்போது சொல்லியிருக்கலாம். மெஷின் சத்தம் கேட்டது, கல்லில் இரும்பு உரசியது, அது யார் நிலம் என்று போய்ப் பாருங்கள் என்று நாலே வார்த்தை. ஆனால் சற்றுமுன் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னதும் அவர் வாய்தான். இப்போது மாற்றினால், மாட்டிக்கொண்டவன் நண்பன் தலையில் பழியைத் தூக்கிப் போடுகிறான் என்பார்கள். "அவன் பொண்டாட்டியைக் கேளுங்க. அவளுக்குத் தெரியும்" என்றார்.

கேட்டார்கள். தள்ளுவண்டியில் வைத்து அவர் தன்னைக் காப்பாற்றினார், அவருக்கு ஆண்டவர் கூலி கொடுப்பார் என்று நத்தேர்சியா சொன்னாளாம். அதற்கு முன்னால்? மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன், புருஷன் எங்கே போனார், சில்வேரியு எந்தப் பக்கமிருந்து வந்தார், எதுவும் தெரியாது என்றாளாம்.

சாட்சி ஒன்றை வைத்து உள்ளே அடைக்க முடியாது என்று நீதிபதி அவரை வெளியே விட்டார். விசாரணை முடியும்வரை வாரம் ஒரு தடவை காவல்நிலையத்தில் வந்து முகம் காட்ட வேண்டும். அதற்குள் பத்திரிகையில் வந்துவிட்டது. பேர் போடவில்லை, 'ஆட்டுக்காரர் கைது' என்று மட்டும். எங்கள் மலையில் தீப் பிடித்தால் ஆட்டுக்காரன்தான் வைத்திருப்பான் என்பது பாட்டன் காலத்துப் பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது.

மகள் இலீதியா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் கேட்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. தெரியாம... எங்கயாவது ஒரு நெருப்புக் குச்சி..."

"நீயுமாம்மா?"

"இல்லப்பா. ஞானப்பாதான் போன் பண்ணினாங்க. உங்கப்பனுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் தப்புது, என்ன செய்யறான்னு அவனுக்கே தெரியல, நீ வந்து கூட்டிட்டுப் போயிடுன்னு சொன்னாங்க. அழுதாங்கப்பா."

"அழுதானா?" என்றார் சில்வேரியு. "இப்ப யாரைப் பாத்தாலும் அழுவுறான் போல இருக்கு."

காப்பிக்கடைக்குப் போனார். ஸுல்மிரா வைன் கோப்பையை அவர் கையில் கொடுக்காமல் மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை மடக்கினார்கள். ஃபெலிஸ்மினா, அண்ணனைப் பறிகொடுத்தவள், தெருவில் அவரைக் கண்டதும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஓங்கிப் போட்டாள். அந்தக் கதவைத்தான் அன்றைக்கு அவர் இரண்டு கையாலும் இடித்தார்.

பொறுக்க முடியாத ஒரு காலையில் சில்வேரியு அடெலீனுவின் வீட்டுக்குப் போனார். அடெலீனு தோட்டத்தில் கருகிய மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் அறுப்பதை நிறுத்தினார்.

"வா, கும்பாதிரி. நானே வரணும்னு இருந்தேன்..."

"மெஷின் எங்கடா?"

அடெலீனு வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஜன்னலில் நத்தேர்சியா நின்றிருந்தாள்.

"மெதுவாப் பேசு."

"நான் மெதுவாத்தான் பேசுறேன். வாயே திறக்காம இருந்தவன்டா நான். உன்னைக் காப்பாத்தணும்னு அந்த ஆபீஸர் முன்னாடி பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கேன். என்னைப் பாத்தது யாருன்னு கேட்டா அவன் உன் பேரைச் சொல்றான்."

அடெலீனு மரத்தண்டின் மேல் உட்கார்ந்தார். "எர்மீனியு செத்துட்டான்யா. அவன் சாகலைன்னா அன்னைக்கே போய்ச் சொல்லியிருப்பேன். ஆள் செத்தா ஜெயிலு. இந்த வயசுல ஜெயிலா? எம்பையன் முகத்துல எப்படி முழிப்பேன்? அவங்களே கேட்டாங்க, ஆட்டுக்காரர் யாராவது உண்டான்னு. நானா ஆரம்பிக்கல. ஆமான்னேன். அது ஒண்ணுலேருந்து ஒண்ணா... உன்னை ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுருவாங்கன்னு நினைச்சேன். விட்டுட்டாங்கல்ல? பாரு, உனக்கு ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகல."

"உன்கிட்ட என்னடா இருக்கு, அவங்க புடுங்கறதுக்கு?"

சில்வேரியு சொன்னார்: "நீ என்கிட்ட வந்து, 'கும்பாதிரி, எனக்குப் பயமா இருக்கு, இந்தப் பழியை நீ ஏத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஏத்துட்டிருப்பேன். சத்தியமா ஏத்துட்டிருப்பேன். கேக்கக்கூட இல்லையேடா."

ஜன்னலில் நத்தேர்சியா பலகைக் கதவைச் சாத்தினாள். ஓசை வராமல், மெல்லச் சாத்தினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க சில்வேரியு வாரந்தோறும் டவுனுக்குப் பேருந்தில் போய் முகம் காட்டிவிட்டு வந்தார். லிஸ்பனிலும் பாரிஸிலும் இருந்த நிலக்காரர்கள் ஒவ்வொருவராக, இனி எங்கள் நிலத்தில் உன் ஆடு கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் மிஞ்சிய ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரைக்கு, மனைவி பிறந்த ஊருக்குப் போய்விட்டார். அங்கே மாமனார் விட்டுப்போன ஒரு கல்வீடு இருந்தது. அவர் ஊரைவிட்டுப் போனதும், பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு என்றார்கள்.

வசந்தத்தில் விசாரணைக்காரர்கள் தீ தொடங்கிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடெலீனுவின் நிலத்தில், பாறையில் இரும்புத் தட்டு உரசிய தழும்புகளும், பக்கத்தில் புதரோடு உருகிப்போன மெஷினும் கிடைத்தன. ஓடுகிற அவசரத்தில் போட்டது. திரும்பிப்போய் எடுத்து மறைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அதை முன்னால் வைத்துக் கேட்டதும் அடெலீனு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று. வயதையும், ஒப்புக்கொண்டதையும் பார்த்துச் சிறைக்கு அனுப்பவில்லை. சில்வேரியுவின் பேரை வழக்கிலிருந்து நீக்கினார்கள்.

இனி ஊர் அடெலீனுவைச் சும்மா விடாது என்றுதான் சில்வேரியு நினைத்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. "பாவம், வெட்டச் சொன்னாங்க, வெட்டினான். அந்த இடத்துல நாம இருந்தா நமக்கும் அதுதான்" என்றார்கள். அதில் பொய் இல்லை. எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு மெஷின் இருந்தது. அடெலீனு காப்பிக்கடையில் வேறு ஒருவரை ஜோடி சேர்த்துக்கொண்டு சீட்டாடினார். தீயை மன்னிப்பது ஊருக்குச் சுலபமாக இருந்தது. தாங்கள் கதவைச் சாத்திய மனுஷனிடம் போய்ப் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. எனவே யாரும் போகவில்லை.

டவுன் சந்தையில் ஒருநாள் ஸுல்மிரா எதிர்ப்பட்டாள். அவள் மன்னிப்புக் கேட்பாள் போல இருந்தது. கேட்டது வேறு.

"தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிட்டு இருந்தீங்களே, சில்வேரியு. அது நியாயமா? நீங்க முதல்லயே சொல்லியிருந்தா நாங்க ஏன் உங்களைத் தப்பா நினைக்கப் போறோம்?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

ஸுல்மிரா தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

தைலமரத்தை எரித்தால் சாகாது. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். ஆடு இல்லாத பெனெடாலில் அடுத்த இரண்டு கோடைக்குள் முட்புதரும் தைலத் துளிரும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வீட்டுச் சுவரை வந்து தொட்டன. ஊராட்சிச் சபைக்காரர்கள் ஆற்றைத் தாண்டி வந்தார்கள். மேய்ச்சலுக்குக் கூலியே தருகிறோம், ஆட்டைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். சில்வேரியு அவர்களுக்குப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வைத்தார். "மெஷின் இருக்குல்ல உங்ககிட்ட" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒருநாள் ஃபெலிஸ்மினா வந்தாள். பேருந்து பாலத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து ஏற்றம். மூச்சு வாங்க வந்து வாசல் கல்லில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தார், குடித்தாள்.

"அன்னைக்கு நீங்க கதவை இடிச்சீங்கன்னு விசாரணைக்காரங்க சொன்னாங்க" என்றாள்.

"இடிச்சேன். உள்ள சத்தம் கேட்டுச்சு. எழுந்துட்டான்னு நினைச்சேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருக்கணும்."

"நிக்க எங்க நேரம்?" அவள் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "நான் அந்தக் கதவை உங்க முகத்துல சாத்தினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். வேற ஒண்ணும் கேக்க வரல."

சில்வேரியு பாலம் வரைக்கும் கூடவே இறங்கிவந்து அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்.

மறுவாரம் ஆடுகளோடு பெனெடாலுக்குப் போனார். ஃபெலிஸ்மினாவின் வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தில் மட்டும் விட்டார். அடுத்த நிலத்துக்குத் தாண்டிய ஆட்டைக் கல் எறிந்து திருப்பினார். தெருவில் போனவர்கள் வணக்கம் சொன்னார்கள், அவரும் சொன்னார். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

மதியம் ஆகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அடெலீனு வந்து நின்றார். உடம்பு இளைத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கும்பாதிரி" என்றார். "அப்படியே நம்ம பக்கமும் விடுடா. ஆரஞ்சுக் கன்னு, ஒலிவ மரம், எதைத் தின்னாலும் தின்னட்டும். நத்தேர்சியா உன்னைப் பார்க்கணும்கிறா. சூப் வெச்சிருக்கா."

சில்வேரியு தடியை ஊன்றி எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். சிறுவயதிலிருந்து ஒருதடவைகூட அந்த மனுஷரிடம் பேசியிராத மரியாதையோடு பேசினார்.

"வேண்டாங்க, அடெலீனு ஐயா. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? வெயில் ஏறுது, நீங்க உள்ள போங்க."

தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஆடுகளை நிழல் பக்கம் திருப்பினார்.